கடைமடையில் ஒரு நோயாளி

காவிரிப் படுகையில் பிறந்தவர்க்குக் 'கடைமடை' என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையைக் கடந்து, காவிரியாகவும் வெண்ணாறாகவும் கல்லணைக் கால்வாயாகவும் பிரிந்து, ஆறு வாய்க்காலாகிச் சிறுத்து, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து வயல்களை வந்தடைவதற்குள் பல நாட்கள் கழிந்துவிடுகின்றன. நீர் குறைந்த ஆண்டில் முதலில் காய்வது கடைமடை. மழை மிகுந்த ஆண்டில் முதலில் மூழ்குவதும் அதுவே. மேலே இருப்பவர் ஆற்றில் எதைக் கலந்தாலும் அதைத் தப்பாமல் பெற்றுக்கொள்வதும் அந்தக் கடைசி வயல்தான்.

மருத்துவ உலகிலும் இப்படி ஒரு கடைமடை உண்டு. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, உடலின் காவலை முற்றும் இழந்து, மருத்துவமனை அறையொன்றில் படுத்திருக்கும் நோயாளியே அந்தக் கடைமடை. தஞ்சை மண்ணிலிருந்து வேலூருக்கும் சென்னைக்கும் இந்நோயோடு பயணப்படும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அங்கே சேர்க்கப்பட்ட சில நாட்களிலேயே சில மருத்துவமனைகளில் ஒரு சிறு சோதனை நடைபெறுகின்றது. பஞ்சு சுற்றிய குச்சியொன்றை மலக்குடலின் வாயிலில் மெல்லச் சுழற்றி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். மருந்துக்குக் கட்டுப்படாத கொடிய கிருமி ஏதேனும் குடலில் குடியிருக்கின்றதா என்று பார்ப்பதற்காக இது செய்யப்படுகின்றது. "புற்றுநோய் இரத்தத்தில் இருக்க, குடலைச் சோதிப்பது ஏன்?" என்று உறவினர் திகைக்கின்றனர். கிருமி இருப்பதாக முடிவு வந்து, நோயாளி தனி அறைக்கு மாற்றப்படும்போது அத்திகைப்பு அச்சமாகவும், சில வேளைகளில் அவமானமாகவும் மாறுகின்றது.

இச்சோதனைக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தோர்க்கு அச்சம் குறையும். கடமை இன்னதென்பதும் விளங்கும்.

வாந்திபேதி கற்பித்த பாடம்

குடலில் வாழும் கிருமி ஊரையே அழிக்க வல்லது என்பதை நம் முன்னோர் வாந்திபேதியால் அறிந்தனர். 1817-ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜெசோர் பகுதியில் பெருகிய காலரா, அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்குள் புகுந்து தெற்கு நோக்கிப் பரவியது. தஞ்சையில் சரபோஜி மன்னர் அரசிருந்த காலம் அது. நோய் காற்றில் வருகின்றது என்றனர் சிலர். தெய்வக் குற்றம் என்றனர் பலர். ஆற்று நீரையும் குளத்து நீரையும் ஐயுறும் எண்ணம் அன்று யாருக்கும் எழவில்லை.

1883-இல் செருமானிய மருத்துவர் இராபர்ட் கோக் முதலில் எகிப்துக்கும், பின்னர் கல்கத்தாவுக்கும் வந்து ஆராய்ந்தார். காலராவால் மாண்டோரின் குடலில் கண்ட வளைந்த கிருமியை, மக்கள் குளித்துக் குடித்த கல்கத்தாக் குளமொன்றின் நீரிலும் 1884-இல் கண்டார். ஒருவர் குடலிலிருந்து வெளியேறுவது நீர் வழியே மற்றொருவர் வாயை அடைகின்றது என்னும் உண்மை அன்று ஐயமற வெளிப்பட்டது.

இதைவிட வியப்பான உண்மை சில ஆண்டுகளில் தெரியவந்தது. குடற்காய்ச்சலாகிய டைபாய்டு நோயிலிருந்து முழுமையாகக் குணமடைந்தவரும், தமக்கு அந்நோய் வந்ததையே அறியாதவரும்கூட, அதன் கிருமியைப் பல்லாண்டுகள் தம் பித்தப்பையிலும் குடலிலும் சுமந்து திரியக்கூடும். அவர்களுக்கு நோய் இல்லை. ஆயினும் அவர்களிடமிருந்து பிறர்க்கு நோய் செல்லும். மருத்துவர் இவர்களைக் 'கிருமிதாங்கி' என்னும் பொருள்பட அழைத்தனர். இன்று புற்றுநோய்ப் பிரிவில் நடைபெறும் குடற்சோதனையின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

தீவில் அடைக்கப்பட்ட சமையற்காரி

கிருமிதாங்கிகளின் வரலாற்றில் மறக்கலாகாத பெயர் மேரி மேலன். 1869-இல் அயர்லாந்தின் குக்ஸ்டவுன் என்னும் ஊரில் பிறந்த ஏழைக் கத்தோலிக்கப் பெண் அவர். இளம்வயதில் தனியே அமெரிக்காவுக்குச் சென்று, செல்வர் இல்லங்களில் சமைத்துப் பிழைத்தார். 1906-ஆம் ஆண்டு கோடையில் அவர் வேலை செய்த வீடொன்றில் பதினொருவரில் அறுவர் டைபாய்டில் விழுந்தனர். காரணம் தேடிய ஜார்ஜ் சோப்பர் என்னும் பொறியியலார், மேரி முன்பு வேலை செய்த வீடுகளையும் ஒவ்வொன்றாக விசாரித்து, நோய் அவரைத் தொடர்ந்து சென்றிருப்பதைக் கண்டார்.

தாம் ஒரு நாளும் நோயுற்றதில்லை என்று மேரி வாதாடினார். உரமாக உழைக்கும் ஒருத்தியிடம், "நீ நோயைப் பரப்புகின்றாய்" என்றால் அவள் எவ்வாறு நம்புவாள்? 1907-இல் காவலர் துணையோடு அவரைப் பிடித்துச் சென்று, நியூயார்க்கை ஒட்டிய ஆற்றுத் தீவொன்றில் தனிக் குடிலில் வைத்தனர். இனிச் சமைப்பதில்லை என்னும் உறுதியின் பேரில் 1910-இல் விடுவித்தனர். ஆனால் அவருக்குத் தெரிந்த தொழில் சமையல் ஒன்றே. அதற்கு ஈடான பிழைப்பு வேறொன்றும் அவருக்கு வாய்க்கவில்லை. சில ஆண்டுகளில் மாற்றுப் பெயரில் மகப்பேற்று மருத்துவமனை ஒன்றின் சமையலறைக்குள் நுழைந்தார். அங்கே 25 பேருக்குக் காய்ச்சல் கண்டது; இருவர் இறந்தனர். 1915-இல் மீண்டும் தீவுக்கு அனுப்பப்பட்ட மேரி, 1938 நவம்பரில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இரு காலங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 26 ஆண்டுகள்.

அதே நகரில் வேறு நூற்றுக்கணக்கான கிருமிதாங்கிகள் கண்டறியப்பட்டனர். அவர்களுள் எவரும் மேரியைப் போல் ஆயுள் முழுவதும் அடைத்து வைக்கப்படவில்லை. அயலாரைக் காப்பது அரசின் கடமை என்பதை மறுப்பதற்கில்லை; மேரியின் பிடிவாதத்தால் உயிர்கள் போயின என்பதும் உண்மை. எனினும் அவரிடம் பொறுமையாக விளக்கி, மாற்று வாழ்வுக்கு வழிகாட்டியிருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்குமே! கிருமியைத் தேடிச் சென்றவர்கள் அதைச் சுமந்த மனிதரைப் பார்க்கத் தவறினர். அவர் பெயரோடு நோயின் பெயரைச் சேர்த்து உலகம் இன்றளவும் ஏளனமாக வழங்கி வருகின்றது.

ஒரே கையிலிருந்து இரு கொடைகள்

இரத்தப் புற்றுநோய்க்கும் குடற்கிருமிக்கும் உள்ள உறவை அறிய, மற்றோர் ஆற்றுப்படுகையில் பிறந்த ஒருவரை நினைவுகூர வேண்டும். கோதாவரிப் படுகையின் பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். ஸ்ப்ரூ என்னும் கொடிய குடல் நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1920-களில் அமெரிக்கா சென்று, பின்னாளில் லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார்.

அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் உருவாக்கினர். அதன் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்னும் மருந்தையும் படைத்தனர். அதைக் கொண்டு பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தார். பத்துக் குழந்தைகள் தேறினர் என 1948-இல் அறிவித்தார். அத்தேற்றம் சில மாதங்களே நீடித்தது. ஆயினும் அதுவரை ஒரு வழியும் காணாதிருந்த நோய்க்கு முதன்முதலாக ஒரு வாசல் திறந்தது. அதே 1948-இல் சுப்பாராவின் தலைமையின் கீழிருந்த அதே ஆய்வகத்திலிருந்து ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் வெளிவந்தது. மக்கள் வழக்கில் ஆன்டிபயாடிக் எனப்படும் மருந்து வகையுள் டெட்ராசைக்ளின் இனத்துக்கு அதுவே மூத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

இவ்விரு கொடைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. புற்றுநோய் மருந்து நோயணுக்களோடு நல்ல வெள்ளணுக்களையும் அழிக்கின்றது. 1966-இல் ஜெரால்டு போடியும் தோழர்களும், வெள்ளணுக்கள் குறையக் குறையத் தொற்று பெருகுவதை எண்ணிக்கையோடு மெய்ப்பித்தனர். வெள்ளணுக்களுள் நியூட்ரோஃபில் எனப்படும் காவலணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்கும் கீழே போகுமாயின் அது பேரிடர்க் காலம். அதே மருந்து குடலின் உட்சுவரையும் புண்ணாக்குகின்றது. கரை உடைந்தது, காவலரும் இல்லை. அந்நாட்களில் குடலிலிருந்த கிருமி இரத்தத்தில் கலக்கின்றது. காய்ச்சல் தொடங்கிய சில மணிநேரத்துக்குள் தகுந்த மருந்து ஏறாவிட்டால் உயிர் பிரியலாம். ஆகவே, இரத்தப் புற்றுநோயை வெல்லும் முயற்சி முழுவதும் நுண்ணுயிர்க்கொல்லியின் காவலில்தான் நடைபெறுகின்றது. 1986-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கும் அக்காவலே அரண்.

பயிர் அழிந்து களை நிலைத்தது

அந்தக் காவல் இன்று தளர்ந்திருக்கின்றது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் இம்மருந்தை உண்போர் கிருமிகளுக்கு அதைத் தாங்கும் வலிமையைக் கற்பித்துவிடுவர் என்று எச்சரித்திருந்தார். உலகம் செவிசாய்க்கவில்லை. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும், மருத்துவரைக் காணாமலேயே, கடையில் பெயர் சொல்லி வாங்கி உண்டோம். இரு நாளில் தேறியதும் மீதியைத் தூக்கிப் போட்டோம். 1950 வாக்கில் ஆரியோமைசின் கோழியைக் கொழுக்க வைக்கின்றது எனக் கண்டபின் தீவனத்திலும் மருந்து கலந்தது.

மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாகக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை குடலில் உள்ளவை. நமக்கு நன்மையே செய்பவை. நெருங்கி வளர்ந்த நாற்று களைக்கு இடம் கொடாதது போல், அவை தீய கிருமிக்கு இடம் கொடுப்பதில்லை. இவ்வுண்மையை டச்சு அறிஞர் வான் டெர் வாய் 1971-இல் எலிகளைக் கொண்டு நிறுவினார். நுண்ணுயிர்க்கொல்லி இந்த நல்ல பயிரை அழிக்கும்போது, எதிர்ப்பாற்றல் பெற்ற களை மட்டும் தழைத்து நிற்கின்றது.

2010 ஆகஸ்டில் இலண்டனிலிருந்து வெளிவரும் மருத்துவ இதழொன்றில், சென்னையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக எழுதிய ஆய்வு உலகை உலுக்கிற்று. கார்பபெனெம் என்னும் உயர்ந்த மருந்தையும் சிதைக்கவல்ல 'என்.டி.எம்.-1' எனும் நொதியைச் சுமந்த கிருமிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 எனக் கண்டறியப்பட்டிருந்தன. அவற்றுள் பல, குடலில் இயல்பாக வாழும் கிளெப்சியெல்லா, ஈ.கோலி இனங்கள். மறு ஆண்டு தில்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-இலும் இந்நொதிக்குரிய மரபணு இருந்தது. கல்கத்தாக் குளத்தில் கோக் கண்ட அதே வழி! நூற்றிருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அதை அடைக்கவில்லை.

நொதியின் பெயரில் தலைநகரின் பெயர் இருப்பது பற்றி நாட்டில் பெருஞ்சினம் எழுந்தது. ஆனால், சினத்தோடு நில்லாமல் செயலில் இறங்கியவர்களும் இருந்தனர். 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி வகுத்த திட்டம் 'சென்னைப் பிரகடனம்' எனப் பெயர்பெற்றது. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட உயர்வகை நுண்ணுயிர்க்கொல்லிகளை விற்கும் கடைக்காரர் மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. கடைசிப் புகலிடமான கோலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019-இல் நடுவணரசு தடைசெய்தது.

சோதனை செய்வது என்ன?

பஞ்சுக் குச்சியில் எடுத்ததைத் தனி ஊட்டத்தில் இட்டு வளர்த்தோ, மரபணுவை நேராகத் தேடியோ, கொடிய கிருமி உண்டா இல்லையா என ஓரிரு நாட்களில் அறிகின்றனர். சில இடங்களில் வாரந்தோறும் மீண்டும் சோதிக்கின்றனர். கிருமி இருப்பதாலேயே நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. கிருமிதாங்கிகளுள் பலருக்கு இரத்தத் தொற்று வருவதே இல்லை. ஆயினும் மற்றவரைவிட அவர்களுக்கு அந்த இடர் மிகுதி. முன்கூட்டியே அறிந்திருந்தால், காய்ச்சல் கண்ட முதல் மணியிலேயே பயன்தரக்கூடிய மருந்தை மருத்துவர் தேர்ந்துகொள்ளலாம். பக்கத்துப் படுக்கையில் இருக்கும் நோயாளியையும் காக்கலாம்.

இம்முறை பயனளிக்கும் என்பதற்கு இசுரயேல் நாடு சான்று. அங்கே 2006-2007-இல் கார்பபெனெமுக்கு அடங்காத கிளெப்சியெல்லா மருத்துவமனைகளில் பரவியபோது, கிருமிதாங்கிகளைத் தனியே வைத்து, அவர்களுக்கெனத் தனிச் செவிலியரையும் அமர்த்துமாறு அரசு ஆணையிட்டது. ஒரு லட்சம் நோயாளி-நாட்களுக்கு மாதம் 55.5 ஆக இருந்த புதிய தொற்று, 2008 மே மாதத்துக்குள் 11.7 ஆகத் தாழ்ந்தது. 2017-இல் உலக நலவாழ்வு நிறுவனமும், கைகழுவுதல், கண்காணிப்புச் சோதனை, தனியறை ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. நம் நாட்டிலோ எல்லா மருத்துவமனைகளிலும் இதற்கு வசதி இல்லை. தனியறைகள் சிலவே, கிருமிதாங்கிகளோ பலர்.

கிருமி இருப்பதை அறிந்த பின் அதை மருந்தால் அழித்துவிடலாமே என்று தோன்றும். 2019-இல் ஐரோப்பிய வல்லுநர் குழு அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே அறிவுரைத்தது. கிடைத்த பயன் உறுதியாகத் தெரியவில்லை. மேலும் மருந்து கொடுத்தால் மேலும் எதிர்ப்பு வளரும் என்னும் அச்சமும் உண்டு. மத்தேயு நற்செய்தியில் வரும் களைகள் உவமை நம் நினைவுக்கு வருகின்றது. கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்படும் என்று அஞ்சி, அறுவடைவரை பொறுக்குமாறு வீட்டுத் தலைவர் பணிக்கின்றார். இளம்பருவத்தில் நெல்லைப் போலவே தோன்றும் குதிரைவாலிப் புல்லைப் பறித்துப் பழகிய நம் உழவர்க்கு அவருடைய கவலை நன்கு விளங்கும்.

தொட்ட பின் அனுப்பினார்

இனி, தனியறை பற்றிச் சிந்திப்போம். கதவில் ஓர் அட்டை தொங்குகின்றது. உள்ளே வருவோர் கையுறையும் மேலங்கியும் அணிகின்றனர். நோயாளி கேட்கின்றார்: "நான் என்ன தொடக்கூடாதவனா?"

இக்கேள்விக்கு நம் நாட்டில் ஆழமான வடு உண்டு. 1898-இல் ஆங்கில அரசு இயற்றிய தொழுநோயாளர் சட்டம், ஏழைத் தொழுநோயாளரைப் பிடித்து அடைக்க வழிசெய்தது. பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சையால் தொழுநோய் முற்றும் குணமாகும் என்பது 1980-களிலேயே உறுதிப்பட்டும், அச்சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. சட்டம் ஒதுக்கி வைத்தவர்களைத் தேடிச் சென்று புண்ணைக் கழுவிக் கட்டிய துறவியரின் பணியைக் கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டைத் தொழுநோய் மருத்துவமனையால் நம் பகுதியினர் அறிவர்.

லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படிப்போர் ஓர் ஒழுங்கைக் காண்பர். ஐயத்துக்குரிய தோல்நோய் கண்டவரைக் குரு ஏழு நாள் தனியே வைக்கின்றார். ஏழாம் நாள் மீண்டும் பார்க்கின்றார். தேவையெனில் இன்னும் ஏழு நாள். பரவவில்லை எனில் அவர் தூய்மையானவர் என அறிவித்து அனுப்புகின்றார். ஒதுக்குவதற்கு மட்டுமன்று, திரும்ப ஏற்பதற்கும் அங்கே முறை வகுக்கப்பட்டிருந்தது. காலப்போக்கில் மனிதர் முற்பாதியை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டனர்.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசு தொழுநோயாளர் ஒருவரைத் தொடுகின்றார், குணமாக்குகின்றார், பின்னர், குருவிடம் சென்று உம்மைக் காட்டும் என்று அனுப்புகின்றார். சோதனை முறையை அவர் இகழவில்லை. அது சமூகத்தின் காவலுக்கு வேண்டும் என்பதை ஏற்றார். ஆனால் அந்த முறை தொடங்கும் முன் தம் கையை நீட்டினார். நம் மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியரும், நோயாளியோடு தங்கும் உறவினரும் பின்பற்றத்தக்க வரிசை அதுவே. கையுறை அணிந்த கையாலும் தொட முடியும். தனியறை ஏன், எத்தனை நாள், இதனால் யார் காக்கப்படுகின்றார் என்று நோயாளிக்குப் புரியும் தமிழில் எடுத்துரைக்க முடியும். மேரி மேலனுக்கு எவரும் செய்யாதது அது.

நம் ஞாயிறு கூட்டங்களில் எழுதி வைக்க வேண்டியவை சில உண்டு. இரத்தப் புற்றுநோயாளரைக் காணச் செல்வோர் கூட்டமாகச் செல்லலாகாது. நுழையும் முன்னும் வெளியேறிய பின்னும் கைகழுவ வேண்டும். கிருமிதாங்கி ஒருவர் வீடு திரும்பினால் ஊர் அவரை விலக்கத் தேவையில்லை; கழிப்பறைத் தூய்மையும் கைகழுவலும் பெரும்பாலும் போதும். மருத்துவர் எழுதாத நுண்ணுயிர்க்கொல்லியை வாங்குவதில்லை, எழுதியதை அவர் சொன்ன நாள்வரை உண்ணாமல் விடுவதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி பூண வேண்டும்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாள், 1993 முதல் பிப்ரவரி 11-இல் கொண்டாடப்பட்டு வருகின்றது. அதன் பத்தாம் ஆண்டு விழாவுக்கு, 2002-இல், நம் தஞ்சை மறைமாவட்டத்தின் வேளாங்கண்ணியே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆரோக்கிய அன்னையின் ஆலயம் வங்கக் கடலோரத்தில், காவிரியின் கடைமடையில் நிற்கின்றது. மேற்கே இருப்போர் எல்லாரும் தம் பங்கு நீரைப் பொறுப்போடு பயன்படுத்தினால்தான் அங்குள்ள வயலில் பயிர் பிழைக்கும். மருந்தைப் பயன்படுத்துவதிலும் அதே நீதி உண்டு. இன்று நாம் தேவையின்றி விழுங்கும் மாத்திரைக்கு நாளை விலை கொடுப்பவர், வெள்ளணு குன்றிப் படுத்திருக்கும், நாம் ஒருபோதும் கண்டிராத ஒரு குழந்தையாக இருக்கலாம். அன்னையின் திருமுன் மெழுகுதிரி ஏற்றும் நாளில் அந்தக் குழந்தையையும் நினைவில் கொள்வோம்.